மாசத்துக்கு ஒரு ஆப் போதும், தங்கச்சி!

"அக்கா, எந்த ஆப்புக்குக் காசு கட்டலாம்?"னு கேக்குற தங்கச்சிங்களுக்கு என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஒரு நேரத்துல ஒரே ஒரு ஆப், அதுவும் மாசக் கணக்குல. பார்க்க வேண்டியதைப் பார்த்து முடிச்சதும் நிறுத்திட்டு, அடுத்த ஆப்புக்குப் போ. வெண்ணந்தூர் மாதிரி தறிச் சத்தத்துல பொழுது விடியுற ஊருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியலை.

நம்ம பக்கம் ஒண்ணாம் தேதியானா சம்பளம் வர்ற வீடு கொஞ்சம்தான். தறி ஓட்டப் போறவங்களுக்கு வாரக்கூலி. சொந்தமா நாலு தறி போட்டிருக்குற வீட்டுக்கும் பாவு வந்தாத்தான் வருமானம். நூல் விலை எகிறினாலும் சரி, நெய்த துணி விக்காம தேங்கினாலும் சரி, தறி நின்னு போகும். அப்படி ஒரு வீட்ல, அடுத்த வருஷம் இதே தேதி வரைக்கும் படம் பார்க்குறதுக்கு இப்பவே பணம் கட்டி வைக்கிறது எதுக்கு?

வருஷத் திட்டம்தான் லாபம்னு எல்லா ஆப்லயும் பெருசாப் போட்டிருப்பாங்க. அமேசான் பிரைமை எடுத்துக்கோ. வருஷத்துக்கு 1,499 ரூபாய், மாசத்துக்குன்னா 299. வருஷத் தொகையைப் பன்னெண்டால வகுத்தா மாசம் 125தான் ஆகுதுன்னு தோணும். பன்னெண்டு மாசமும் உக்காந்து பார்த்தாத்தான் அந்த 125. நம்ம வீடுகள்ல ஒரு ஆப்பை வருஷத்துல மூணு நாலு மாசம் ஒழுங்காப் பார்த்தாலே பெரிய விஷயம். நாலு மாசம் பார்த்துட்டு விட்டா, மாசத்துக்கு 375 ரூபாய் கொடுத்த மாதிரி ஆச்சு. அந்த நாலு மாசத்தையும் தனித்தனியா 299 கட்டிப் பார்த்திருந்தா 1,196-தான். மூணு மாசத்துக்குச் சேர்த்து 599-ன்னும் ஒரு திட்டம் இருக்கு.

பிரைம்ல மட்டும் ஒரு விதிவிலக்கு சொல்வேன். படத்தோட சேர்த்து, அமேசான்ல பொருள் வாங்குறதுக்கு டெலிவரி சலுகையும் அதே காசுல வருது. மாசம் தவறாம அதுல ஆர்டர் போடுற வீடா இருந்தா வருஷத்துக்குக் கட்டலாம். 799 ரூபாய்க்கு லைட்னு ஒண்ணு உண்டு. அதுல படத்தோட தரமும் சலுகைகளும் குறைவு. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. 2025 ஜூன் 17-லருந்து பிரைம்ல படத்துக்கு நடுவுல விளம்பரம் வருது. வேணாம்னா மாசம் 129 தனியாக் கட்டணும். நான் அதைக் கட்டச் சொல்ல மாட்டேன். காலங்காலமா டிவியில விளம்பரத்தோட படம் பார்த்தவங்க நாம.

படம் எங்க போகும்னு நமக்குத் தெரியாது

ஒரே ஆப்பை நிரந்தரமா வச்சுக்கிட்டா என்னன்னு கேப்பே. தயாரிப்பாளர் யாருக்கு வித்தாரோ அங்கதான் படம் வரும். அது நம்ம கையில இல்லை. 'மகாராஜா' 2024 ஜூன் 14 தியேட்டருக்கு வந்துச்சு, ஜூலை 12 நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு. 'குடும்பஸ்தன்' 2025 ஜனவரி 24 தியேட்டர், மார்ச் 7 ஜீ5. 'டூரிஸ்ட் ஃபேமிலி' மே 1 தியேட்டர், ஜூன் 2 ஜியோஹாட்ஸ்டார். 'கூலி' ஆகஸ்ட் 14 தியேட்டர், செப்டம்பர் 11 பிரைம். நாலுமே ஊரெல்லாம் பேசுன படம். நாலும் நாலு ஆப்ல கிடக்கு. நாலையும் வருஷம் பூரா வச்சுக்கணும்னா எந்த வீட்டுக்குக் கட்டுபடியாகும்?

இந்தத் தேதிகளை இன்னொரு தரம் பாரு. தியேட்டருக்கு வந்த நாலு வாரத்துல ஆப்புக்கு வந்துருது; தாமதமானாலும் ஆறு வாரம். அதனால எந்தப் படம் எந்த ஆப்னு அறிவிப்பு வந்த உடனே குறிச்சு வச்சுக்கிட்டா போதும். எங்க வீட்ல சமையல்கட்டுல தொங்குற தினசரி காலண்டர் அட்டையோட பின்பக்கம்தான் அந்த நோட்டு. ஆப் பேரை மேலே எழுதி, படத்தோட பேரை ஒண்ணுக்குக் கீழே ஒண்ணா எழுதிட்டு வருவோம். ஒரு ஆப்புக்குக் கீழே நாலஞ்சு படம் சேர்ந்தா, அந்த மாசம் அந்த ஆப்.

ஆப்புக்கு வந்த படம் அடுத்த வெள்ளிக்கிழமை தூக்குற தியேட்டர் படம் மாதிரி ஓடிப் போயிடாது. பெரும்பாலும் வருஷக் கணக்குல அங்கேயே இருக்கும். வந்த அன்னைக்கே பார்க்கணும்ங்குற அவசரம்தான் நம்ம பர்ஸைக் காலி பண்ணுது. உதாரணத்துக்கு, 'மாமன்னன்', 'மெய்யழகன்', 'அமரன்', 'டிராகன்', 'மகாராஜா' அஞ்சும் நெட்ஃப்ளிக்ஸுக்கு வந்த படங்கள். 2023 ஜூலையிலருந்து 2025 மார்ச்சுக்குள்ள ஒவ்வொண்ணா வந்துச்சு. ஒவ்வொண்ணும் வந்தப்ப வந்தப்ப ஓடிப் போய்க் காசு கட்டுனவங்களும் உண்டு, கட்டிட்டு நிறுத்த மறந்தவங்களும் உண்டு. பொறுமையா இருந்து ஒரே மாசத்துல அஞ்சையும் பார்த்தவங்களுக்கு ஆன செலவு 199 ரூபாய். இதுல 'மாமன்னன்' படத்தை நம்ம ஊர்க்காரங்க தவற விடக் கூடாது. சேலத்துப் பக்கம் நடக்குற கதை, வடிவேலு காசிபுரம் தொகுதி எம்எல்ஏவா வருவார். காசிபுரம்னதும் ராசிபுரம் ஞாபகம் வராதவங்க இந்தப் பக்கம் யாரு இருக்காங்க?

இந்த இடத்துல ஒரு எச்சரிக்கை. "ஓடிடியில் வெளியானது"னு செய்தி வரும், தேடிப் போனா சிம்ப்ளி சவுத், டென்ட்கொட்டான்னு பேர் இருக்கும். புதுப் படங்களை அதுல பெரும்பாலும் வெளிநாட்ல இருக்குற தமிழருங்களுக்காகப் போடுறாங்க. சிங்கப்பூர்லயும் துபாய்லயும் இருக்குற நம்ம சொந்தங்களுக்குச் சொல்லு. இங்க உக்காந்துக்கிட்டு அதைத் தேடாதே.

ஃபோன்லயா, டிவியிலயா?

இதைத் தீர்மானிக்காம ஒரு பைசா கட்டாதே. நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பர்ல இந்தியாவுல விலையைக் குறைச்சப்ப நாலு திட்டம் வச்சாங்க: 149, 199, 499, 649. 149 ரூபாய்த் திட்டம் ஃபோனுக்கும் டேப்லெட்டுக்கும் மட்டும். டிவியில ஓடாது. இதைத் தெரியாம கட்டிட்டு, டிவி முன்னாடி குடும்பத்தோட உக்காந்து ரிமோட்டைத் தட்டிட்டு இருந்த வீடு நம்ம தெருவுலயே இருக்கு. அம்பது ரூபாய் கூடப் போட்டு 199 கட்டினா டிவியில பார்க்கலாம், ஒரு நேரத்துல ஒரு ஸ்கிரீன். 499-க்கு ரெண்டு ஸ்கிரீன், ஃபுல் எச்டி. 649-க்கு நாலு ஸ்கிரீன், 4கே.

நம்ம வீடுகள்ல பெரும்பாலும் 32 இன்ச் டிவிதான். அதுல நிறைய டிவி எச்டி ரெடின்னு போட்டு வர்றது. அந்த ஸ்கிரீனே ஃபுல் எச்டி காட்டாது. 499 கட்டினாலும் 199-ல தெரியுற படம்தான் தெரியும். டிவி வாங்குன அட்டைப் பெட்டி பரண் மேல இருந்தா எடுத்துப் பாரு, எச்டி ரெடின்னு இருந்தா 199-க்கு மேல போகாதே. 4கே-க்குக் கட்டுறது அந்த டிவிக்கு வீண்.

ஜியோஹாட்ஸ்டார்லயும் இதே கதை. 2025 பிப்ரவரி 14-ல ஜியோசினிமாவும் டிஸ்னி ஹாட்ஸ்டாரும் ஒண்ணாச் சேர்ந்து அந்தப் பேர்ல வந்தப்ப, ஃபோனுக்கு மட்டும்னு ஒரு திட்டம் மூணு மாசம் 149, டிவியும் சேர்த்து ரெண்டு இடத்துல பார்க்குறது மூணு மாசம் 299, விளம்பரம் குறைஞ்ச பிரீமியம் மூணு மாசம் 499-ன்னு வச்சாங்க. இந்த விலையெல்லாம் மாறிக்கிட்டே இருக்கும், கட்டுற அன்னைக்கு ஆப்ல பார்த்துக்கோ. ஆனா கேக்க வேண்டிய கேள்வி மாறாது: டிவியில ஓடுமா, எத்தனை பேர் ஒரே நேரத்துல பார்க்கலாம்?

தறி வீட்டுக்காரங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. தறிக்கூடமும் வீடும் ஒரே சுவரா இருக்குற இடத்துல ஃபோன் ஸ்பீக்கர்ல ஒரு வசனமும் விழாது. சப்டைட்டில் இருக்கான்னு பார்த்து எடு. நிறைய தமிழ்ப் படத்துக்கு இங்கிலீஷ் சப்டைட்டில்தான் கிடைக்குது, படிக்குற பிள்ளைங்களுக்கு அது உதவும், நம்ம அம்மாவுக்கு உதவாது. அதனால வீட்ல எல்லாரும் பார்க்குற படத்தைத் தறி நிறுத்துற நாளுக்கு வச்சுக்கோ. தறி ஓட்டிக்கிட்டே இயர்ஃபோன் மாட்டிப் படம் ஓட விடுற பழக்கம் மட்டும் வேணவே வேணாம், கண்ணு. அந்தச் சத்தத்தை மீறிக் கேக்கணும்னா வால்யூமை முழுசா ஏத்தணும், காது போயிடும். நாடா பறக்குற இடத்துல, நூல் அறுந்தா சத்தம் மாறுறதும் பக்கத்துல ஆள் கூப்பிடுறதும் காதுல விழணும்.

டேட்டாவையும் கணக்குல சேரு. நெட்ஃப்ளிக்ஸே சொல்ற அளவு இது: சாதாரணத் தரத்துல ஒரு மணி நேரத்துக்கு ஒரு ஜிபி, எச்டின்னா மூணு ஜிபி வரைக்கும். ரெண்டரை மணி நேரப் படம் ஒண்ணு, தினம் ரெண்டு ஜிபி பேக்கை முழுங்கிட்டு கிளைமாக்ஸ்ல நின்னு போகும். ஃபோன்ல பார்க்குறதா இருந்தா செட்டிங்ஸ்ல டேட்டா சேமிப்புன்னு ஒண்ணு இருக்கு, அதைப் போட்டா ஒரு ஜிபிக்கு ஆறு மணி நேரம் வரைக்கும் ஓடும். சின்ன ஸ்கிரீன்ல தரம் குறைஞ்சது பெருசாத் தெரியாது. வைஃபை இருக்குற இடத்துக்குப் போனா ராத்திரிக்கான படத்தை டவுன்லோடு பண்ணி எடுத்துட்டு வந்துடு.

"ரீசார்ஜ்ல ஃப்ரீ"யைப் பிரிச்சுப் பாரு

செல்ஃபோன் ரீசார்ஜோட சேர்ந்து வர்றதை எல்லாரும் சும்மா கிடைச்சதா நினைக்கிறாங்க. ஒரு பேப்பரை எடுத்து ரெண்டு பேக்கையும் பக்கத்துல பக்கத்துல எழுதினா விஷயம் விளங்கிடும். 2024 ஜூலையில ஜியோ விலை ஏத்துனதுக்கு அப்புறம் இருந்த கணக்கைச் சொல்றேன். 84 நாளு, தினம் ரெண்டு ஜிபி, எந்த ஆப்பும் இல்லாம 859 ரூபாய். அதே 84 நாளு, அதே ரெண்டு ஜிபி, நெட்ஃப்ளிக்ஸ் மொபைல் திட்டத்தோட 1,299. வித்தியாசம் 440 ரூபாய். நெட்ஃப்ளிக்ஸ் மொபைலைத் தனியா மூணு மாசத்துக்குக் கட்டினா 447. ஆக, ஃப்ரீன்னு நினைச்சதுக்கு முழு விலையும் கொடுத்தாச்சு, அதுவும் டிவியில ஓடாத திட்டத்துக்கு.

அதே விலை இருந்தப்பவே, ஜியோஹாட்ஸ்டார் வந்ததுக்கு அப்புறம், 949 ரூபாய்க்கு இன்னொரு பேக் இருந்துச்சு, அதே 84 நாளு, அதே ரெண்டு ஜிபி, ஜியோஹாட்ஸ்டார் சேர்த்து. வித்தியாசம் 90 ரூபாய். தனியா எடுத்தா ஃபோன் திட்டமே 149. இது நிஜமாவே லாபம். பார்த்தியா, ஒரே கம்பெனி, ஒரே நாள் கணக்கு, ஒண்ணு லாபம், ஒண்ணு வெறும் கண்கட்டு. உன் சிம் எதுவா இருந்தாலும், ரீசார்ஜ் கடைக்காரர் சொல்ற பேக்குக்குத் தலையாட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கழித்தல் கணக்கைப் போடு.

வீட்டுக்கு ஃபைபர் நெட் போட்டிருந்தா அந்த பில்லையும் எடுத்துப் படி. நிறைய திட்டத்துல ஆப் சேர்ந்தே வருது. உன் நம்பர்ல ஓடிபி போட்டு ஒரு தடவை ஆக்டிவேட் பண்ணணும், அதைப் பண்ணாம விட்டுட்டு அதே ஆப்புக்குத் தனியாக் காசு கட்டுற வீடு நிறைய. கேபிள்காரர்கிட்டக் கேட்டா அவரே வந்து போட்டுக் கொடுப்பார்.

ஏற்கெனவே காசு கட்டினதுக்கு மறுபடி கட்டாதே

கேபிளைப் பத்திப் பேசாம இந்தக் கணக்கு முடியாது. 2011-ல அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தப்போ நம்ம தெருக்கள்ல எத்தனை வீடு புதுசா இணைப்பு வாங்குச்சு! இப்ப செட்டாப் பாக்ஸும் விலையும் மாறிடுச்சு, ஆனா கேபிள் பெரும்பாலான வீட்ல இன்னும் இருக்கு. அம்மாவும் அத்தையும் பார்க்குற சன் டிவி, விஜய் டிவி சீரியலுக்கு அங்கயே காசு கட்டியாச்சு. அதுக்காக சன் நெக்ஸ்ட்டோ ஜியோஹாட்ஸ்டாரோ தனியா எடுக்க வேண்டியதில்லை.

ஆனா ராத்திரி ஷிஃப்ட் தறிக்குப் போறவங்க நிலைமை வேற. சீரியல் போடுற நேரத்துல அவங்க பட்டறையில நிப்பாங்க. மறுநாள் மத்தியானம் தூங்கி எழுந்து பார்க்கணும்னா ஆப்தான் வழி. அவங்க சன் நெக்ஸ்ட் எடுக்கலாம், சன் குழுமம் கையில இருக்குற பழைய படங்களும் அதுல நிறைய கிடக்கு. அப்ப கேபிள் தேவையான்னு யோசிக்கணும். ரெண்டுல ஒண்ணு போதும். ஆஹா 2022 ஏப்ரல் 14 தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்குத் தமிழுக்கு வந்துச்சு, சின்ன பட்ஜெட் படங்களும் தெலுங்கு டப்பிங்கும் பிடிச்சவங்களுக்கு அது சரி. ஜீ5-ல 'விடுதலை' முதல் பாகமும், 'அயலி'ங்குற தொடரும் இருக்கு. வயசுக்கு வந்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்துலருந்து நிறுத்துற ஊர்ல ஒரு பொண்ணு படிக்கப் போராடுற கதை. பொண்ணைப் பெத்தவங்க அந்த ஒரு தொடருக்காகவே ஒரு மாசம் ஜீ5 எடுக்கலாம்னு நான் சொல்வேன்.

காசே இல்லாமப் பார்க்குறதும் எவ்வளவோ இருக்கு. யூடியூப்ல உரிமை வச்சிருக்குற கம்பெனிங்களே பழைய தமிழ்ப் படங்களை முழுசாப் போட்டிருக்காங்க. பிரசார் பாரதி 2024 நவம்பர்ல தொடங்குன வேவ்ஸ் ஆப்ல தூர்தர்ஷன் நிகழ்ச்சிங்க இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு மாடர்ன் தியேட்டர்ஸ் படத்தை ஒரு நாள் போட்டுக் காட்டு. 1935-ல சேலத்துல அந்த ஸ்டூடியோவை ஆரம்பிச்ச டி.ஆர். சுந்தரம் நம்ம திருச்செங்கோட்டுக்காரர், நூல் வியாபாரம் பண்ணுன குடும்பம், ஜவுளித் தொழில் படிக்க இங்கிலாந்து வரைக்கும் போனவர். மலையாளத்தோட முதல் பேசும்படம் 'பாலன்' 1938-ல அவர் எடுத்தது. தமிழோட முதல் முழு நீளக் கலர் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல அவர் எடுத்தது. தறிக்கு நூல் வித்த வீட்லருந்து ஒருத்தர் சினிமாவுக்கு இவ்வளவு பண்ணியிருக்கார்னு நம்ம பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாமா?

ஆட்டோபேயை அவிழ்த்து விடு

மாசா மாசம் மாறணும்னா நிறுத்தத் தெரியணும். பெரும்பாலான ஆப் கட்டுறப்பவே ஆட்டோபேன்னு ஒரு அனுமதி வாங்கிக்குது. அப்புறம் நீ ஆப்பை ஃபோன்லருந்து அழிச்சாலும் காசு போய்க்கிட்டே இருக்கும். ஆப்பை அழிக்கிறது வேற, சந்தாவை நிறுத்துறது வேற.

யூபிஐ-ல கட்டியிருந்தா, உன் கூகுள் பேயிலயோ ஃபோன்பேயிலயோ ஆட்டோபேன்னு ஒரு பக்கம் இருக்கும். அதுல எந்தெந்த ஆப் உன் கணக்குல கை வைக்க அனுமதி வச்சிருக்குன்னு பட்டியலாத் தெரியும். அங்கயே ரத்து பண்ணலாம். கார்டுல கட்டினவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கு. 2021 அக்டோபர் 1-லருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி, இப்படித் தானா எடுக்குற காசுக்கு 24 மணி நேரம் முன்னாடியே பேங்க்லருந்து தகவல் வரணும். அந்த மெசேஜை விளம்பரம்னு நினைச்சுத் தள்ளி விடாதே. 15,000 ரூபாய்க்குள்ள இருக்குற தொகைக்கு ஓடிபி கேக்காமலே எடுத்துக்குவாங்க. அந்த மெசேஜ்தான் உனக்குக் கிடைக்குற ஒரே மணியடி.

என் பழக்கம் என்னன்னா, காசு கட்டுன அன்னைக்கே ஆட்டோபேயை ரத்து பண்ணிடுவேன். நெட்ஃப்ளிக்ஸ்ல அப்படி ரத்து பண்ணினாலும் கட்டுன மாசம் முடியுற வரைக்கும் பார்க்கலாம். மறந்து போற ஆளுன்னா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம் கரண்ட் பில் கணக்கெடுக்க வர்ற அன்னைக்கு யூபிஐ பட்டியலையும் திறந்து பாரு. ரெண்டையும் சேர்த்துப் பழகிட்டா விட்டுப் போகாது.

அக்கவுண்ட்டை உன் நம்பர்லயே திற. ரீசார்ஜ் பண்ணாம மாத்திக்கிட்டே இருக்குற சிம் நம்பர்ல வேணாம், நம்பர் போனா ஓடிபி வராது, கட்டுன காசும் போச்சு. ராசிபுரத்து அண்ணன் வீட்டு பாஸ்வேர்டை வாங்கிப் பார்த்துக்கலாம்னு நினைக்காதே. நெட்ஃப்ளிக்ஸ் 2023 ஜூலையிலருந்து இந்தியாவுலயும் ஒரு வீட்டுக்கு ஒரு அக்கவுண்ட்னு இறுக்கிடுச்சு.

வாட்ஸ்அப் குரூப்ல வர்ற புதுப் பட லிங்க்கையும், "இந்த ஆப்பைப் போட்டா எல்லாப் படமும் ஃப்ரீ"ன்னு வர்ற ஃபைலையும் தொடவே தொடாதே. உன் பேங்க் மெசேஜ் வர்ற அதே ஃபோன்ல யார் செஞ்சதுன்னே தெரியாத ஒரு ஆப்பைப் போடுறே. படத்தைத் திருடிப் போடுறவங்களுக்கு 2023-ல திருத்துன சட்டப்படி மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், குறைஞ்சது 3 லட்சம் அபராதம். ஒரு படத்துல லைட் பிடிக்கிறவர்லருந்து எத்தனை பேரோட கூலி இருக்குன்னு கூலி வாங்குற ஊர்க்காரங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எந்த மாசம் எது?

நம்ம ஊர் வருஷத்தை வச்சே சொல்றேன். பிப்ரவரி, மார்ச் பரீட்சை மாசம். வீட்ல பத்தாவது, பன்னெண்டாவது படிக்குற பிள்ளை இருந்தா எல்லா ஆப்பையும் நிறுத்திடு. ஏப்ரல், மே லீவுல ஜியோஹாட்ஸ்டார்: ஐபிஎல்லும் ஓடும், பிள்ளைங்களுக்குக் கார்ட்டூனும் இருக்கும். குழந்தைங்க பார்க்குறதுக்குத் தனி புரொஃபைல் போட்டு, பெரியவங்க புரொஃபைலுக்கு பின் நம்பர் வச்சிடு. ஓடிடியில வர்றதுக்கு 7+, 13+, 16+னு வயசு போடணும்னு 2021-லயே விதி வந்தாச்சு. படம் ஆரம்பிக்குறப்ப மூலையில அது தெரியும், அதைப் படிக்காம தொடரை ஓட விடாதே. தியேட்டர் படத்துல வெட்டுற வசனமெல்லாம் தொடர்ல அப்படியே வரும்.

பொங்கல் வேட்டி சேலை ஆர்டர் எடுக்குற தறிங்க ராவும் பகலும் ஓடுற மாசங்கள்ல ஒண்ணும் கட்டாதே, யாருக்கும் பார்க்க நேரம் இருக்காது. ஐப்பசியில ராசிபுரம் நித்திய சுமங்கலி மாரியம்மன் பண்டிகைக்குச் சொந்தபந்தம் வந்து வீடு நிறையும். அந்த மாசம் காலண்டர் அட்டையில எந்த ஆப்புக்குக் கீழே படம் நிறைய சேர்ந்திருக்கோ அதை எடு. மிச்சம் ரெண்டு மூணு மாசம் உன் விருப்பம். ஒரே ஒரு படத்துக்காக ஆப் எடுக்கணும்னு தோணுச்சுன்னா, பிரைம்லயும் யூடியூப்லயும் சில படங்களை வாடகைக்கு விடுறாங்க, அதைப் பாரு. முப்பது நாளைக்குள்ள ஆரம்பிக்கணும், ஆரம்பிச்சா 48 மணி நேரத்துல முடிக்கணும். நல்ல படம்னா குடும்பத்தோட ராசிபுரத்துக்கோ சேலத்துக்கோ போய் தியேட்டர்லயே பார்த்துட்டு வா. அந்தக் காசு வீண் இல்லை.

நீ எப்ப பார்க்குறே?

எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்குற விஷயம் இது. எத்தனையோ வீட்ல ஆப்புக்குக் காசு போறது பொம்பளைங்க சேர்த்து வச்சதுலருந்து. குழுக் கடன் கட்டுற அக்கவுண்ட்லருந்தே ஆட்டோபேயும் போகும். பார்க்குறது யாருன்னா, வீட்டுக்காரர் கிரிக்கெட்டும், பிள்ளைங்க கார்ட்டூனும், கொழுந்தனார் சண்டைப் படமும். காசு போட்ட பொம்பளை தார் சுத்தி, சமைச்சு, பாத்திரம் கழுவிட்டு வந்து உக்காரும்போது படம் பாதிக்கு மேல ஓடியிருக்கும். "நீயும் வந்து பாரேன்"னு கூப்பிடுவாங்க, கதை என்னன்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

அதனால ஒரு ஆப் காசுக்குத் தகுந்ததான்னு பார்க்குறப்ப, அதுல நீ உக்காந்து முழுசாப் பார்த்தது என்னன்னு கேட்டுப் பாரு. நெட்ஃப்ளிக்ஸ்லயும் பிரைம்லயும் உனக்குன்னு தனி புரொஃபைல் போட்டுக்கலாம், அதுக்குத் தனிக் காசு கிடையாது. பார்த்து நிறுத்துன இடம் அதுல அப்படியே நிக்கும். மத்தவங்க என்ன பார்த்தாலும் உன் படம் மாறாது. நாலு நாளா அரை அரை மணி நேரம் பார்த்தாலும் அது முழுப் படம்தான். மாசம் முடியும்போது உன் புரொஃபைல்ல ஒண்ணுமே ஓடலைன்னா, அந்த ஆப்பை அடுத்த மாசம் நீட்டிக்காதே, யார் கேட்டாலும் சரி.

அடுத்த மாசம் எந்த ஆப்னு இந்தத் தடவை நீ முடிவு பண்ணு, கண்ணு. முதல் படம் உனக்குப் பிடிச்சதா இருக்கட்டும். வீட்ல ஏன்னு கேட்டா, அக்கா சொன்னாங்கன்னு சொல்லு.